செட்டிநாட்டுப் பழைய போட்டோக்களோடு எட்டு மாதம்

முதுகலை ஆய்வேட்டுக்குத் தலைப்பு கேட்டபோது 'செட்டிநாட்டு வீட்டுப் புகைப்படங்களில் நிறம், பால், வர்க்கம்' என்று எழுதிக் கொடுத்தேன். மூன்றில் ஒன்றை எடுத்துக்கோம்மா, மூன்றையும் வைத்துக்கொண்டால் ஒன்றும் தேறாது என்றார் நெறியாளர். 1989-ல் அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா எழுதியதைச் சொன்னேன்: கறுப்பினப் பெண்ணுக்கு நேர்வதை இனம் தனிக் கணக்கு, பால் தனிக் கணக்கு என்று பிரித்தால் இரண்டு கணக்கிலும் அவள் விடுபட்டுப் போவாள். "சரி, அதை இங்கே ஒரு படத்துல காட்டு" என்றார். காட்ட எட்டு மாதம் ஆனது.

முதலில் போட்டோ கிடைக்க வேண்டுமே. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் தொடங்கினேன். எனாமல் தூக்குக்கும் ரவிவர்மா லட்சுமி படத்துக்கும் நடுவே சட்டம் போட்ட போட்டோக்கள் அடுக்கியிருக்கும். இது தப்பான இடம் என்று இரண்டு வாரம் கழித்துத்தான் உறைத்தது. வீடு இடிக்கும்போது தேக்குச் சட்டத்துக்காக வாங்கி வந்த படங்கள் அவை, எந்த ஊர், எந்த வீடு என்று கடைக்காரருக்கே தெரியாது. (நான் அங்கே விட்ட 3,000 ரூபாயை நீங்களும் விட வேண்டாம்.)

முகத்துக்குப் பூசும் ஸ்நோ, பவுடர் விளம்பரங்களை ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய பத்திரிகைகளும் தேவைப்பட்டன. கோட்டையூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். அங்கே ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களும் நோட்டீசுகளும் அவர் இறந்த பிறகு சென்னைக்குப் போய், 1994 முதல் நூலகமாக இருக்கின்றன. பக்கத்து ஊர்ச் சரக்கைப் பார்க்க நான் ரயிலேறித் தரமணி போனேன்.

அப்புறம் வீடுகள். கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டு முகப்பில் நின்று கேட்டேன், முதலாளி மெட்ராஸில் என்று காவல்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். அதே ஊரில் இன்னொரு வீட்டில் என் அம்மாச்சி முப்பது வருடம் சமையல் வேலை பார்த்தவர். அவர் என்னைப் பின்கட்டு வாசல் வழியாகக் கூட்டிப்போனார். "நம்ம சமையக்காரம்மா பேத்தியா, வா ஆத்தா" என்று அந்த வீட்டு ஆச்சி அன்றைக்கே இரும்புப் பெட்டியைத் திறந்துவிட்டார். கல்லூரிக் கடிதம் மூன்று நகல் கையில் வைத்திருந்தேன், யாரும் கேட்கவில்லை.

ஆச்சி படம் பார்க்கும் விதமே எனக்குப் பாடம். பெண்கள் படத்தை எடுத்தால் முகத்தைப் பார்க்க மாட்டார், கழுத்தையும் காதையும் பார்ப்பார். "இது யாருன்னு தெரியல, ஆனா இந்த வைரத்தோடு பெரிய ஆயாவோடது." நகைக்கு வரலாறு இருந்தது, போட்டுக்கொண்டவருக்குப் பல படங்களில் பெயர்கூட இல்லை. பர்மாவில், ரங்கூனில் இருந்த அவர்கள் கடையின் குழுப்படம் வேறு மாதிரி. நாற்காலியில் கடைப் பொறுப்பாளரான மேலாள், பக்கத்தில் நிற்பது அவருக்கு அடுத்த நிலையில் உள்ள அடுத்தாள், தரையில் சம்மணமிட்டு, வேலை பழகும் பெட்டியடிப் பையன், பேரேட்டில் சம்பளம் எழுதிய வரிசை மாதிரியே உட்கார வைத்திருந்தார்கள். பெட்டியடிப் பையனுக்குக்கூட ஆச்சி பெயர் சொன்னார். இடது ஓரத்தில் அட்டைச் சட்டம் பாதி மறைத்த ஓர் ஆள், தலையில் பர்மியத் துணிக்கட்டு. "அவனா? அவன் பர்மாக்காரன்." அவ்வளவுதான்.

தலைப்பில் நான் 'இனம்' என்று போடாமல் 'நிறம்' என்று போட்டதற்குக் காரணம் உண்டு, அமெரிக்கச் சொல்லை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால் சாதி அதன் பின்னால் வசதியாக ஒளிந்துகொள்ளும். ஆனால் இந்தப் பர்மாக்காரர் வந்து நின்ற பிறகு இனத்தையும் விட முடியவில்லை.

நெறியாளர் கேட்ட படம் ஆறாவது மாதம் கிடைத்தது. வீட்டு மருமகள் நாற்காலியில், அவர் குழந்தையை இடுப்பில் வைத்துப் பின்னால் நிற்கும் வேலைக்காரப் பெண், வயது பன்னிரண்டு இருந்தால் அதிகம். மருமகளின் முகம் வெளுப்பு, கழுத்தும் கையும் மாநிறம். முதலில் வெளிச்சம் என்று நினைத்தேன். பழைய ஸ்டூடியோக்காரர் ஒருவர்தான் விளக்கினார்: நெகட்டிவில் முகத்தின் மேல் பென்சிலால் தீட்டுவார்கள், அங்கே கருப்பு ஏறினால் அச்சில் வெளுப்பாக விழும். ஃபேர் அண்ட் லவ்லி 1975-ல்தான் வந்தது, அதற்கு எத்தனையோ வருடம் முன்பே பென்சில் அந்த வேலையைப் பார்த்திருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், குழந்தை முகத்திலும் தீட்டியிருந்தார்கள். தூக்கிக்கொண்டு நின்ற பெண்ணின் முகத்தை மட்டும் தொடவே இல்லை.

மார்ச்சில் அச்சிட அனுமதி கேட்டு ஆச்சியின் மகனுக்குப் போன் செய்தேன். தன்மையாகத்தான் பேசினார். எல்லாப் படமும் போட்டுக்கங்க, அந்த நாற்காலிப் படத்துல மட்டும் பின்னாடி நிக்கிற பிள்ளைய வெட்டிட்டுப் போடுங்க, பாக்கிறவங்க தப்பா நினைப்பாங்க என்றார். நாலு நாள் யோசித்தேன். ஒத்துக்கொண்டால் படம் இருக்கும், ஆய்வு இருக்காது. அந்தப் படத்தையே எடுத்துவிட்டு, அது இருக்க வேண்டிய பக்கத்தில் படத்தில் இருப்பதை வலமிருந்து இடமாக ஒரு பக்கம் எழுதி வைத்தேன். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்தவர் முதலில் புரட்டியது அந்தப் பக்கத்தைத்தான். "படம் எங்கேம்மா?" என்றார். போனில் நடந்ததை அப்படியே சொன்னேன், அதையும் அடிக்குறிப்பாகச் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார்.