ஒரே காசுதான், ஆனா கடன் யாரோடது?

2013 கடைசில பிராங்க்ஃபர்ட்ல ஒரு பேங்க் ப்ராஜெக்ட்ல போய் சேர்ந்தேன். செபா மைக்ரேஷன், அதாவது நாட்டுக்கு நாடு தனித்தனியா இருந்த பணம் அனுப்புற முறைய எல்லாம் தூக்கிட்டு யூரோ புழங்குற இடம் பூரா ஒரே ஃபார்மட்டுக்கு கொண்டு வர்ற வேலை. நோட்டும் சில்லறையும் 2002லயே ஒண்ணாயிடுச்சே, பன்னெண்டு வருஷம் கழிச்சு இன்னும் என்ன இருக்குன்னு முதல் நாள் கேட்டேன், டீம் லீட் சிரிச்சாரு. ஜெர்மன்காரர் சிரிச்சா அது பெரிய விஷயம்.

ஏன் சிரிச்சார்னு ஐபேன் நம்பருக்கு, அதாவது நாடு தாண்டி பணம் அனுப்புற பொதுவான அக்கவுண்ட் நம்பருக்கு, சரிபாக்குற கோட் எழுதுறப்போ புரிஞ்சது. நெதர்லாந்துக்கு 18 எழுத்து, ஜெர்மனிக்கு 22, இத்தாலிக்கும் கிரீஸுக்கும் 27, மால்டாவுக்கு 31. பேருக்கு ஒரே ஸ்டாண்டர்டு, உள்ள பாத்தா அவங்கவங்க பழைய அக்கவுண்ட் நம்பர அப்படியே சொருகி வச்சிருக்காங்க, 34ஐ தாண்டக்கூடாது அவ்ளோதான். புள்ளி கமா கூத்து வேற. ஜெர்மனில 1.000னா ஆயிரம், அயர்லாந்துல அது வெறும் ஒண்ணு. டெஸ்டிங்ல ஒரு பழைய ஃபைல்ல ஆயிரம் யூரோ ஒரு யூரோவா போய் நின்னுச்சு, நல்லவேளை நிஜப் பணம் இல்ல. பிப்ரவரி 2014 டெட்லைனுக்கு நெறைய பேர் ரெடியா இல்ல, ஆகஸ்ட் வரைக்கும் டைம் குடுத்தாங்க.

இதெல்லாம் கோட் எழுதி சரி பண்ற பிரச்சனை, பண்ணிட்டோம். கோட்ல சரி பண்ண முடியாத பிரச்சனை 2015ல வந்துச்சு.

ஜூன் கடைசில கிரீஸ்ல கடன் நெருக்கடி முத்தி பேங்க்கெல்லாம் மூடி ஏடிஎம்ல ஒரு நாளைக்கு 60 யூரோதான்னு சொல்லிட்டாங்க. டீம்ல தெசலோனிகிலேருந்து ஒரு பொண்ணு இருந்தாங்க, அவங்க அம்மா தினமும் காலைல க்யூல நின்னு, 20 யூரோ நோட்டு தீந்துபோனதால ஒத்த 50 நோட்டோட வீட்டுக்கு வருவாங்களாம். கேன்டீன்ல இத சொல்லிட்டிருக்கும்போது டீம் லீட், கெட்ட எண்ணத்துல இல்ல, சாதாரணமா, "வாங்கின கடன திருப்பிக் குடுத்துதானே ஆகணும்"னாரு. அந்தப் பொண்ணு ஃபோர்க்க கீழ வச்சிட்டு, "2003ல நீங்களும் ஃபிரான்ஸும் அரசாங்க பட்ஜெட் பற்றாக்குறை நாட்டோட ஜிடிபில 3 பர்சென்ட்ட தாண்டக்கூடாதுங்கிற ரூல மீறுனீங்களே, உங்களுக்கு யாரு ஃபைன் போட்டா?"ன்னு கேட்டாங்க. அவரு உடனே கிரீஸ் 2009 பற்றாக்குறைய கம்மியா காட்டினத எடுத்தாரு, திருத்திப் பாத்தப்போ 15 பர்சென்ட்டுக்கு மேல. ரெண்டு பேர் சொன்னதும் உண்மை, அதான் கொடுமை.

ஜெர்மன்ல கடனுக்கு ஷுல்டன்னு சொல்வாங்க, ஷுல்ட்னா குற்றம். 1923ல பணமே காகிதமா போன கதைய கேட்டு வளந்தவங்க, கடன்னாலே முகம் மாறும். அந்தப் பொண்ணுக்கோ சம்பளமும் பென்ஷனும் வெட்டுனதுதான் ஞாபகத்துல நிக்குது. இந்த ரெண்டு ஞாபகத்துக்கும் வட்டி விகிதம் ஒண்ணே ஒண்ணு. 2003ல ஈசிபி, அதாவது யூரோ நாடுகளோட பொது மத்திய பேங்க், வட்டிய 2 பர்சென்ட்டுக்கு இறக்கினப்போ மந்தமா கிடந்த ஜெர்மனிக்கு அது சரி, அதே வட்டில ஸ்பெயின்லயும் அயர்லாந்துலயும் வீட்டு விலை எகிறுச்சு.

உங்க ஊர்ல இத்தன மொழி இருக்கே, எப்படி ஒரே ரூபாய்ல ஓட்டுறீங்கன்னு ஒருநாள் டீம்ல என்னக் கேட்டாங்க. டெல்லி வரிய வசூல் பண்ணி பிரிச்சுக் குடுக்குது, எங்க ஆளுங்க குடுத்த அளவுக்கு திரும்ப வரலன்னு இன்னைக்கும் சண்டை போடுறாங்க, ஆனா பணம் நகருதுன்னேன். ஐரோப்பிய யூனியன் பட்ஜெட் எல்லா நாட்டு வருமானத்துலயும் சுமார் 1 பர்சென்ட், அதுல எத நகத்துறது? பெரிய பேங்க்குகள மேற்பார்வை பண்ற வேலைய 2014 நவம்பர்ல ஈசிபி எடுத்துக்கிச்சு, சரி. ஆனா பேங்க் விழுந்தா 1 லட்சம் யூரோ வரைக்கும் டெபாசிட்டுக்கு பொறுப்பு இன்னும் அந்தந்த நாடுதான். பொது இன்சூரன்ஸ் வைக்கலாம்னு 2015லயே ப்ரபோஸல் போட்டாங்க, ஜெர்மன் ஷ்பார்காஸெகாரங்க, அதாவது உள்ளூர் சேமிப்பு பேங்க்காரங்க, எங்க பணத்துல இத்தாலி பேங்க்க காப்பாத்தணுமான்னு கேக்குறாங்க, அது அப்படியே கிடக்குது. கொரோனா வந்தப்போ 2020ல 75,000 கோடி யூரோ வரைக்கும் சேந்து கடன் வாங்க ஒத்துக்கிட்டாங்க, அதுக்கும் நெதர்லாந்தும் ஆஸ்திரியாவும் நாள் கணக்கா மல்லு கட்டுனப்புறம்தான்.

அப்புறம் நான் பிரஸ்ஸல்ஸுக்கு மாறினேன். ஃபோன் கனெக்‌ஷனுக்கு ஜெர்மன் ஐபேன் குடுத்தா கவுண்டர்ல இருந்தவரு, "இது பெல்ஜியத்தோட பி.ஈ.ன்னு ஆரம்பிக்கல, எடுக்காது"ன்னுட்டாரு. அப்படி மறுக்கக்கூடாதுன்னு 2012லயே சட்டம் இருக்குன்னேன், "தெரியும் சார், ஸ்க்ரீன் எடுக்கலயே"ன்னாரு. மறுநாள் போய் ஒரு பெல்ஜியம் அக்கவுண்ட் ஓப்பன் பண்ணேன், 16 எழுத்து.