ரூட்டுக்கு வந்த கடிதங்கள்

மார்ச் 3

ஆபீஸின் பழைய சர்வர் (டெபியன் என்ற லினக்ஸ் ஓடுவது) இனி என் பொறுப்பு. உள்ளே நுழைந்ததும் புது மெயில் இருப்பதாக ஒரு வரி. மெயில் என்ற கட்டளையைத் தட்டினால் திரை திரையாகத் தலைப்புகள் ஓடுகின்றன, அத்தனையும் ரூட்டுக்கு, அதாவது சர்வரின் தலைமைக் கணக்குக்கு, வந்தவை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் ஒரு ஸ்கிரிப்ட், "முடிந்தது" என்று ஒரு வரி அச்சிடுகிறது. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் நிரல் கிரான்; அதன் வேலை எதை அச்சிட்டாலும் அதை உரியவருக்கு மெயிலாக அனுப்பிவிடும். ஒரு நாளுக்கு 288, வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல்.

"அண்ணா, அந்த ஃபைலையே அழிச்சிடலாமே?" என்றான் கூட இருக்கும் பையன். எல்லா மெயிலும் ஒரே ஃபைலில்தான் வரிசையாகக் கிடக்கின்றன, அழிக்க ஒரு நொடி போதும். ஆனால் உள்ளே வேறு என்ன இருக்கிறது என்று இதுவரை யாரும் பார்க்கவில்லை. அதனால் வேண்டாம் என்றேன்.

மார்ச் 4

இந்த மெயில் கட்டளையின் வம்சம் 1970களின் கடைசியில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கர்ட் ஷோன்ஸ் எழுதிய மெயில் என்ற நிரலிலிருந்து வருகிறது. இதில் எனக்குப் பிடித்ததே அழிக்கும் முறைதான். டி என்ற எழுத்தை அடித்தால் அழிக்காது, அடையாளம் மட்டும் போடும். யூ என்றால் அடையாளத்தை எடுத்துவிடும். கியூ அடித்து வெளியேறும்போதுதான் மெயில் உண்மையில் போகும். எக்ஸ் அடித்து வெளியேறினால் எதுவுமே நடக்காத மாதிரி பெட்டி அப்படியே இருக்கும். நடுவில் சந்தேகம் வந்தால் எக்ஸ் போதும்.

டிக்குப் பின் 1-500 என்று எண்ணும் கொடுக்கலாம், நட்சத்திரம் போட்டால் மொத்தமும். இங்கே எனக்கு உதவியது சாய்கோடு. அதன் பின் கிரான் என்று போட்டால், தலைப்பில் அந்தச் சொல் உள்ளவை மட்டும் சிக்கும். பையனிடம் சொன்னது: முதலில் எஃப் போட்டு அதே தேர்வைப் பட்டியலாகப் பார், அப்புறம் அதையே டி போடு. கியூ அடித்ததும் மீதியை வைத்து ஃபைலைத் திரும்ப எழுத வேண்டும், பெரிய பெட்டி என்றால் கொஞ்சம் பொறுக்கணும்.

ஒரு வம்பு: படித்துவிட்டு அழிக்காமல் விட்ட மெயில், கியூ அடித்ததும் ஹோம் டைரக்டரியில் உள்ள எம்பாக்ஸ் என்ற ஃபைலுக்குப் போய்விடும். பெட்டி காலியாகத் தெரியும், டிஸ்கில் இடம் மட்டும் குறையாது. நம் சர்வரில் அந்த எம்பாக்ஸும் நல்ல பருமன்.

மார்ச் 5

குப்பை போனபின் மிஞ்சியது கொஞ்சம்தான். அதில் ஒன்று டிஸ்கின் நலத்தைக் கண்காணிக்கும் ஸ்மார்ட்டி என்ற நிரல் அனுப்பியது: இரண்டாவது டிஸ்கில் சில செக்டர்களை (டிஸ்கின் சிறு பகுதிகள்) படிக்க முடியவில்லை. தேதி பிப்ரவரி நடுவில். யாரும் பார்க்கவில்லை, எப்படிப் பார்ப்பார்கள்? நல்லவேளை, ரெய்டு 1, அதாவது இரண்டு டிஸ்கிலும் ஒரே தரவு. மற்ற டிஸ்க் நலம். புது டிஸ்குக்கு ஆர்டர் போட்டாச்சு.

மார்ச் 6

கிரான் வேலைகளின் பட்டியலான கிரான்டேபில், மெயில் யாருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் மெயில்டூவைக் காலியாக விட்டால் தொல்லை தீரும் என்று பலர் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஸ்கிரிப்ட் செத்தாலும் அப்புறம் தெரியாது. சாதாரண வெளியீட்டை மட்டும், வந்ததையெல்லாம் விழுங்கிவிடும் டெவ் நல்லுக்குத் திருப்பினேன், பிழை வெளியீட்டைத் தொடவில்லை. இனி மெயில் வந்தால் ஏதோ கோளாறு என்று பொருள். யாருக்கு வரும் மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் ஏலியாசஸ் ஃபைலில் ரூட்டுக்கு எதிரே என் முகவரியைப் போட்டு, அது நடைமுறைக்கு வர நியூஏலியாசஸ் கட்டளையை ஓட்டினேன். சோதனை மெயில் ஸ்பாமில் போய் விழுந்தது, வடிகட்டி ஒன்று வைக்க வேண்டியதாயிற்று.

மார்ச் 9

பையனுக்கு மட் என்ற மெயில் நிரலைப் போட்டுக் கொடுத்தேன். பெரிய டி அடித்து, முப்பது நாளுக்கு மேற்பட்டவை என்று வடிவம் கொடுத்தால் மொத்தமாக அடையாளம் விழும், வெளியேறும்போது நீக்கட்டுமா என்று கேட்கும். சர்வரில் உள்ள மெயிலைக் கையாளும் ஐமேப் நெறிமுறையும் இதே வழிதான்: முதலில் அழித்ததாகக் கொடி, பிறகு எக்ஸ்பஞ்ச் என்ற கட்டளையில் உண்மையான நீக்கம். அவனுக்கு மட்டின் நிறங்கள்தான் முதலில் பிடித்தன.

டிஸ்க் மதியம் வந்தது. மாட்டியாச்சு, தரவைப் புது டிஸ்குக்கு நகலெடுக்கும் ரீபில்ட் ஓடுகிறது.