பட்டியலில் ஒரு குல்லாய்

இமயமலை உச்சியில் இருக்கும் சியாச்சின் பனிமலையில் குண்டடிபட்டுச் செத்தவர்களைவிடக் குளிரிலும் பனிச்சரிவிலும் போனவர்கள்தான் அதிகம். 2003 நவம்பரில் பாகிஸ்தானோடு போர்நிறுத்தம் வந்த பிறகும் சாவு நிற்கவில்லை. கூட இருந்தவன் போனால் கோபப்படுவதற்கு அங்கே எதிரிகூடக் கிடையாது.

எங்கள் போஸ்டில், அதாவது காவல் முகாமில், ஒருவனுக்கு ராத்திரி இருமல் ஆரம்பித்தது. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. ஆக்ஸிஜன் கொடுத்தோம். மூடுபனியில் ஹெலிகாப்டர் வர வழியில்லை. விடிவதற்குள் போய்விட்டான். வானம் தெளியும்வரை உடலும் எங்களோடுதான் இருந்தது. அவனுடைய சென்ட்ரி டியூட்டியை எங்களுக்குள் பிரித்துக்கொண்டோம். யாரும் வாய்விட்டு அழவில்லை. அந்த உயரத்தில் விம்மினாலே மூச்சு வாங்கும்.

பேஸ் கேம்ப் இறங்கியதும், அவன் சாமான்களைப் பட்டியல் போட்டு வீட்டுக்கு அனுப்பும் வேலையில் என்னையும் சேர்த்தார்கள். டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். ஹவில்தார் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தேங்காய் எண்ணெய் பாட்டில், உறைந்து கல்லாகக் கிடந்தது. சுவாமி படம். அப்புறம், லடாக்கின் லே ஊரில் வாங்கிய கம்பளிக் குல்லாய், விலைச்சீட்டுகூடப் பிரிக்கவில்லை. ‘குல்லாய், சிறியது, ஒன்று’ என்று எழுதும்போதுதான் உடைந்துபோனேன். ஹவில்தார் பேனாவை வாங்கி மிச்சத்தை அவரே எழுதினார். அவனுக்காகச் செய்ய ஒரு வேலை கிடைத்ததே, அது எனக்குப் பெரிய ஆறுதல். ‘தைரியமா இரு’ என்ற எந்த வார்த்தையும் அந்த அளவுக்கு உதவவில்லை.

ஆனால் துக்கம் முழுதாக வந்தது லீவில்தான். வீட்டில் யாராவது இருமினால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். மனைவிக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை.

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினின் சோனம் போஸ்டில் மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்கள் பத்துப் பேர் பனிச்சரிவில் புதைந்தார்கள். ஆறு நாள் கழித்து அவர்களில் ஒருவரான ஹனுமந்தப்பா உயிரோடு கிடைத்தார் என்றதும் ஊரே கொண்டாடியது. 11ஆம் தேதி அவரும் போய்விட்டார். அன்று ராத்திரி பழைய கூட்டாளிக்கு போன் போட்டேன். அவனும் தூங்கவில்லை. அந்த இருமல் அவன் காதிலும் இத்தனை வருஷமாக இருந்திருக்கிறது. ஒரே கூடாரத்தில் கிடந்தவர்கள், இதை ஒருவருக்கொருவர் சொன்னதே இல்லை. போஸ்டிலிருந்து இறங்குகிறவர்களை லீவுக்கு அனுப்பும் முன் ஒன்றாக உட்கார்த்திப் பேசவிட வேண்டும் என்று அன்றிலிருந்து பார்க்கிற அதிகாரிகளிடமெல்லாம் சொல்கிறேன்.

இப்போது செத்துப்போனவனைப் பற்றி அடிக்கடி பேசிக்கொள்கிறோம். அவன் மகள் நர்சிங் படிக்கிறாள். ஹாஸ்டல் விஷயமாகப் போன மாதம் அவளே கூப்பிட்டாள்.