கதவு திறந்தும் வெளியே வராத ஓநாய்கள்

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்கு ஓநாய்கள் திரும்பிய கதையில் ஒரு காட்சி எனக்கு மறப்பதே இல்லை. 1995 ஜனவரியில் கனடாவின் ஆல்பர்ட்டாவிலிருந்து 14 ஓநாய்களைக் கொண்டுவந்து, இடம் பழகட்டும் என்று சில வாரங்கள் வேலியடைப்புக்குள் வைத்திருந்தார்கள். மார்ச்சில் கதவைத் திறந்தால், வெளியே வரவில்லை! மனிதர்கள் வந்துபோன வழி என்று அந்தப் பக்கமே அண்டவில்லை. கடைசியில் வேறு பக்கம் வேலியை வெட்டி வழிவிட்டார்கள். பயம் இருக்காதா? 1926இல் அங்கே மிஞ்சியிருந்த குட்டிகளைக் கொன்றதும் பூங்கா ஊழியர்களேதான்.

ஓநாயே இல்லாத இடைப்பட்ட காலத்தில் எல்க் மான்கள் பெருகி, வில்லோ, ஆஸ்பென் மரக்கன்றுகளைத் தலையெடுக்க விடாமல் மேய்ந்தன. இப்போது ஓநாய்கள் ஒரு எல்க்கை வீழ்த்தினால் அண்டங்காக்கை, கழுகு, கரடி, வண்டு வரை எல்லோருக்கும் பந்திதான். கடும் பனிக்காலத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம்!

ஆனால் ‘ஓநாய் வந்ததும் ஆறே தடம் மாறியது’ என்று பகிர்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஓநாய் எல்க்கைக் குறைத்தது, அதனால் கரையோர மரங்கள் மீண்டன, ஆறும் மாறியது என்பதுதான் அந்த வாதம். எல்க் குறைந்ததில் கரடிக்கும், மலைச்சிங்கம் எனப்படும் பூமாவுக்கும், பூங்காவுக்கு வெளியே நடக்கும் வேட்டைக்கும் பங்குண்டு. அப்புறம், மரங்களைக் கடித்து வீழ்த்தி ஓடையில் அணை கட்டும் பீவர் என்ற கொறிவிலங்குகள் அணை கட்டாமல் போனதால் படுகை ஆழமாக அரித்துப்போன ஓடைகள் இருக்கின்றன. அவற்றின் கரையில் வில்லோ இன்னமும் திணறிக்கொண்டுதான் வளர்கிறது.