பதிவேட்டில் பெயர் இல்லாதவர்கள்

எங்கள் ஊர்ச் சபையின் பதிவேட்டில் என் பெயர் இன்றும் இருக்கிறது. ஞானஸ்நானம், சபையின் முழு உறுப்பினராக ஏற்கிற திடப்படுத்தல், திருமணம் மூன்றும் அங்கேதான் நடந்தன. நான் ஊரை விட்டு வந்த பின்பும் என் பெயரில் சபை உறுப்பினருக்கான சங்கக் காணிக்கையை அப்பா ஆண்டுதோறும் கட்டிவந்தார். 2008-இல் வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்தபோது, விடுதியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஓர் ஆலயம் இருந்தது. பதினொரு மாதங்கள் ஒரு ஞாயிறும் தவறாமல் அங்கே போனேன். அந்தப் பதினொரு மாதங்களில் ஒருவர்கூட என் பெயரைக் கேட்கவில்லை. வாசலில் நின்று பாமாலைப் புத்தகம் கொடுத்த பெரியவர் அன்பாகச் சிரிப்பார். ஆராதனை முடிந்ததும் குடும்பங்கள் ஆங்காங்கே கூடிநின்று பேசிக்கொண்டிருக்கும். நான் கைப்பையை மாட்டிக்கொண்டு வெளியே வருவேன். யாரும் எனக்குத் தீங்கு செய்யவில்லை. ஆனால் அந்த ஆண்டில் நான் ஆலயத்துக்குப் போவதையே விட்டிருந்தாலும், சென்னையில் அது ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களிலிருந்து படிப்பு முடிந்த கையோடு சென்னையில் மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த பழைய மகாபலிபுரம் சாலைக்கு வேலைக்கு வருகிற பிள்ளைகளில் பலர், கோயில் மணிச் சத்தத்தில் கண்விழித்தும், டிசம்பர் மாதத்து விடியற்காலைப் பஜனையில் தெருத்தெருவாக நடந்தும் வளர்ந்தவர்கள். ஊரில் இரண்டு ஞாயிறு ஒருவரைக் காணவில்லை என்றால், சபை ஊழியர் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுவார். நகரத்துச் சபையிலோ ஞாயிறு பள்ளி உண்டு, பெண்கள் ஐக்கிய சங்கம் உண்டு, அந்தச் சபைக் குடும்பங்களின் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் கூடுகிற வாலிபர் ஐக்கியமும் உண்டு. இருபத்திரண்டு வயதுக்கு மேல், திருமணத்துக்கு முன், பெற்றோர் ஊரில், தான் விடுதியில் என்று இருக்கிற ஒருவருக்கு இவற்றில் எதிலும் இடமில்லை. நம் சபைகள் குடும்பங்களை எண்ணியே பழகியவை. தனி ஆளாக வந்து தனி ஆளாகப் போகிறவரை அவற்றின் கண் எளிதில் பிடிப்பதில்லை.

இந்தக் குறையை உணர்ந்த சபைகள் இசை மாலைகளையும் சிறப்புக் கூட்டங்களையும் இரண்டு நாள் முகாம்களையும் நடத்துகின்றன. அவற்றில் மனம் திரும்பியவர்களை நான் அறிவேன். ஆகவே அவற்றைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனாலும் முன்னூறு பேர் கூடுகிற அரங்கிலிருந்து தனியாக வந்தவர் தனியாகவே திரும்பிப் போக முடியும் என்பதையும் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எனக்கு வழி தெரிந்தது 2015 டிசம்பர் மாதத்து வெள்ளத்தில்தான். அப்போது எனக்குத் திருமணமாகி, நானும் என் கணவரும் பெருங்குடியில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். டிசம்பர் 1-ஆம் தேதி மழைக்குப் பிறகு, வேளச்சேரிப் பக்கமிருந்து வீடிழந்து வந்தவர்களுக்காக எங்கள் சபையின் மண்டபத்தைத் திறந்தார்கள். மின்சாரம் இல்லை, கைப்பேசி வேலை செய்யவில்லை, சமையல்காரரும் வந்து சேரவில்லை. சோறு வடிக்க வாடகைக்கு எடுத்த பெரிய பாத்திரமான கிடாரத்தைச் சுற்றி நாங்கள் நான்கு பெண்கள் திகைத்து நின்றபோது, இரண்டு ஆண்டுகளாகக் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து ஆசீர்வாதம் சொல்வதற்கு முன்பே எழுந்து போய்விடுகிற ஓர் இளைஞர் வந்து, "தள்ளுங்கக்கா, எங்க ஊர் அசனத்துக்கு நாந்தான் அடுப்புப் பக்கம் நிப்பேன்" என்றார். அவர் குரலை நான் கேட்டது அதுவே முதல் முறை.

அசனம் என்றால் தென்மாவட்டத்துக் கிறிஸ்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: சபைத் திருவிழாவில் ஊர் முழுவதும் சேர்ந்து சமைத்து, ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்கிற விருந்து அது. அந்த இளைஞர் கிடாரத்தின் ஓரத்திலிருந்து கரண்டியால் நாலைந்து பருக்கைகளை எடுத்து, ஊதி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்கிப் பார்த்தார். "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்றார். பிறகு விறகை இழுத்துப்போட்டு, கஞ்சியை வடிக்கச் செய்து, ஈரத் துணி விரித்த பாயில் சோற்றைக் கொட்டி, ஆவி பறக்கப் பரத்திவிட்டார். அவரைப் பார்த்து அவருடைய விடுதித் தோழர்கள் வந்தார்கள்; அவர்களைப் பார்த்து வேறு சிலர் வந்தார்கள். நான்கு நாட்கள் அந்த அடுப்பு அணையவில்லை. சபையில் ஒருவருக்கும் பெயர் தெரியாத அந்தப் பிள்ளைகள்தான் அந்த வாரம் சபையின் கைகளாக இருந்தார்கள்.

வெள்ளம் வடிந்த பிறகு அவர்களை மறுபடியும் கடைசிப் பெஞ்சுக்கு அனுப்பிவிடுவோமோ என்ற பயம் எனக்கு வந்தது. அடுத்த பிப்ரவரியில் ஏழு பேரை எங்கள் வீட்டுக்கு அழைத்தோம். முதலில் சனிக்கிழமை காலை என்று வைத்தோம். அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்ப்பவர்கள் அன்று விடியற்காலையில்தான் அறைக்குத் திரும்புகிறார்கள் என்பது தெரிந்ததும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மாற்றினோம். ஒரு பாமாலை அல்லது கீர்த்தனை, ஆளுக்கு ஒரு வசனமாக வாசிக்கிற ஒரு சங்கீதம், ஐந்து நிமிட மௌனம், பேச்சு, ஒருவர் பெயரை ஒருவர் சொல்லிச் செய்கிற ஜெபம், பிறகு சாப்பாடு. இதுவே அன்றைக்கும் இன்றைக்கும் முறை.

ஆனால் முதல் ஆண்டில் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். எல்லாவற்றையும் நானே சமைத்தேன். ஊரை விட்டு வந்த பிள்ளைகளுக்கு ஒரு வேளையாவது வீட்டுச் சோறு போட வேண்டும் என்ற ஆசை அது. எண்ணிக்கை இருபதைத் தொட்டது. பிறகு காரணம் புரியாமல் குறைந்து குறைந்து ஒன்பதுக்கு வந்தது. வருவதை நிறுத்திவிட்ட ஒரு பெண்ணைத் தேடி அவளுடைய விடுதிக்கே போனேன். வெகு நேரம் தயங்கிய பிறகு அவள் சொன்னாள்: "கோவிச்சுக்காதீங்கக்கா. உங்க வீட்டுல நாங்க விருந்தாளியாத்தான இருக்கோம். ஒரு வாரம் வரலைன்னா ஒண்ணும் குறையாது." அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் பதினொரு மாதங்கள் அனுபவித்ததையே, வயிறார உணவும் சேர்த்து, அவளுக்கும் கொடுத்திருக்கிறேன் என்பது புரிந்தது.

அடுத்த வாரமே ஒரு நாற்பது பக்க நோட்டில் முறை எழுதினோம். வாரத்துக்கு இருவர். காய்கறி வாங்குவது, சமைப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. அவர்கள் வராவிட்டால் மற்றவர்களுக்குச் சோறு இல்லை. அதே போல மௌனத்துக்கு முன் இரண்டு நிமிடம் பேசுகிறவர், பணத்தைக் கணக்குப் பார்ப்பவர், வராதவருக்குத் தொலைபேசியில் பேசுகிறவர் என்று ஒவ்வொன்றும் ஒருவருடைய கைக்குப் போனது. மாதக் கடைசியில் வரவுசெலவை உரக்க வாசிக்கிற வழக்கத்தை ஊர்ச் சபைகளிலிருந்து எடுத்துக்கொண்டோம். அந்தப் பெண் திரும்பி வந்தாள். முதல் ஆறு மாதக் கணக்கு அவள் கையெழுத்தில்தான் இருக்கிறது.

பொறுப்பைக் கொடுத்தால் கெடுத்துவிடுவார்கள் என்று சொல்கிற மூப்பர்களிடம் நான் இரண்டு பேரைப் பற்றிச் சொல்வதுண்டு. 1844 ஜூன் 6-ஆம் தேதி லண்டனில், ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு கடைக்கு மேலேயே தங்கியிருந்த ஜார்ஜ் வில்லியம்ஸ் என்கிற இளைஞர், தம்மைப் போன்ற வேறு பதினொரு பேரைச் சேர்த்துக்கொண்டு இளைஞர் கிறிஸ்தவ சங்கமான ஒய்.எம்.சி.ஏ.-வைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. கிராமத்திலிருந்து பட்டணத்துக்கு வந்து, நீண்ட நேரம் உழைத்து, முதலாளி தந்த அறையில் படுத்துறங்கிய அந்தக் கடைப் பையன்களுக்கும் நம் விடுதிப் பிள்ளைகளுக்கும் வித்தியாசம் அதிகமில்லை.

இன்னொருவர் நம் மண்ணைச் சேர்ந்தவர். வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் அசரியா, ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக ஊர் ஊராகச் சுற்றியவர். யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் செலவிலேயே ஊழியர்களை அனுப்பித் தாங்கிவந்ததை 1902-இல் நேரில் கண்டபோது அவர் உள்ளத்தில் ஒன்று பற்றிக்கொண்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில், இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்ற கொள்கையோடு திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தபோது அவருக்கு வயது இருபத்தெட்டு. 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில், தியாகங்கள் பல செய்திருந்த மேல்நாட்டு மிஷனெரிகளைப் பார்த்து, அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று அவர் சொன்ன சொல் புகழ்பெற்றது. சரிசமமாக உட்கார வைக்காத உபகாரம் எத்தனை பெரிதாக இருந்தாலும் ஐக்கியமாகாது என்பதை அவர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார். நான் அதை ஒரு பெண்ணின் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

சரிசமம் என்று எழுதும்போது இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். புதிதாக ஒருவர் வந்தால் நாங்கள் எல்லாரும் இயல்பாகக் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஊர்?" என்பது. அடுத்தது, ஒரே போதகரின் கீழுள்ள சபைகளின் தொகுதியைக் கேட்கிற "எந்தச் சேகரம்?" அன்பான விசாரிப்பு போலத்தான் தோன்றும். ஆனால் தென்மாவட்டத்தில் ஊரையும் தெருவையும் சொன்னால் சாதியைச் சொன்னதாகிவிடும் என்பதை அறியாதவர் எங்களில் யாரும் இல்லை. ஒரு நாள், புதிதாக வந்த இளைஞர் ஒருவர் அந்தக் கேள்விக்கு, "திருநெல்வேலி பக்கம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தட்டில் இருந்த சோற்றை விரலால் ஒதுக்கிக்கொண்டே இருந்ததை நான் மறக்கவில்லை. அவர் போன பிறகு அதைப் பற்றி இரவு பத்து மணி வரை பேசினோம். சிலருக்குக் கோபம் வந்தது, ஒருவர் அழுதார். அன்றிலிருந்து, அவர்களாகச் சொல்லாதவரை யாரிடமும் ஊர் கேட்பதில்லை என்று முடிவெடுத்தோம். இது சிறிய காரியந்தான். சபைகளில் திருமணப் பேச்சு தொடங்கியதும் சாதி எப்படித் தலை தூக்குகிறது என்பதைப் பார்க்கிற எவருக்கும் இது போதாது என்று தெரியும். எங்களுக்குள்ளேயே இரண்டு பேர் திருமணம் செய்துகொள்ள விரும்பியபோது இரு வீட்டாரும் எதிர்த்தார்கள். எங்களில் மூவர் அந்த வீடுகளுக்கு ஏறி இறங்கினோம். ஒரு வீடு இணங்கியது. மற்ற வீட்டின் கதவு இன்னும் திறக்கவில்லை.

சபைப் பிரிவுகளின் வேறுபாடு இதைவிட எளிதாகவே இருந்தது. தென்னிந்தியத் திருச்சபையார், லுத்தரன்கள், கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே சபையார் என எல்லாரும் வருகிறார்கள். அவரவர் காலையில் அவரவர் ஆலயத்துக்குப் போக வேண்டும், அப்பமும் ரசமும் பெறுகிற திருவிருந்து அங்கேதான் என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். சந்தேகங்களுக்கும் இங்கே இடம் உண்டு. கடவுள் இருக்கிறாரா என்றே தெரியவில்லை என்று சொன்ன ஒருவர் ஒன்றரை ஆண்டுகள் வாரம் தவறாமல் வந்து சமைத்தார். அவருக்கு யாரும் பதில் சொல்லி முடித்துவிட அவசரப்படவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன், எங்களில் ஒருவருடைய தகப்பனார் ஊரில் திடீரென்று இறந்துபோனார். மகன் அன்றிரவே புறப்பட்டுவிட்டார். மறுநாள் நெல்லை எக்ஸ்பிரஸின் முன்பதிவில்லாப் பெட்டியில் பதினொரு பேர் நெருக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது, சபை ஊழியர் எங்களைப் பார்த்து, "இவங்கல்லாம் யாரு?" என்று விசாரித்தார். அவருடைய அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவனோட சபைக்காரங்க" என்றார். எங்களுக்கு அதுவரை ஒரு பெயரும் இருந்ததில்லை.

இப்போதும் எங்களிடம் பதிவேடு கிடையாது. சமையல் முறை எழுதுகிற நோட்டு மட்டுமே. அது நான்காவது நோட்டு. பழையவற்றைப் புரட்டினால் பாதிப் பேருக்கு மேல் பெங்களூருக்கும் துபாய்க்கும் ஊருக்கும் போய்விட்டார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முகங்கள் மாறுகிற ஒன்றைச் சபை என்று சொல்லலாமா என்று ஒரு போதகர் என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வி எனக்கும் உண்டு. போன மாதம், விருந்தாளியாக இருக்கப் பிடிக்கவில்லை என்று சொன்ன அந்தப் பெண் ஹைதராபாத்திலிருந்து பேசினாள். அங்கே அவளுடைய அறைக்கு இந்த ஞாயிறு எட்டுப் பேர் வருகிறார்களாம், எத்தனை படி அரிசி போட வேண்டும் என்று கேட்டாள். அன்றைக்குச் சமையல் முறையில் இருந்த பையனிடம் தொலைபேசியைக் கொடுத்தேன்.