ரெஜிபோம் கல்

பெப்ரவரி 3
அம்மாவின் பரிசோதனைப் பெறுபேறு செவ்வாய்க்கிழமை வருமாம். அண்ணாவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பேஸ்மெண்டில் கிடந்த ரெஜிபோம் (தெர்மோகோல்) பலகைகளை மேலே கொண்டுவந்தேன். எங்கள் தாடி ஓணான் சூரனின் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிற சிலேட் கற்கள் இனி வேண்டாம், ரெஜிபோமில் கல் செய்யப் போகிறேன். கல்லுக்கு அடியில் தோண்டுகிறான். மண் சரிந்து கல் இறங்கினால் நசுங்கிப்போவான்.

பெப்ரவரி 4
பாண் வெட்டுகிற கத்தியால் செதுக்கினேன். வெள்ளை மணிகள் சட்டையில், தலைமயிரில், மகனின் தேத்தண்ணிக் கோப்பையில். வெட்டிய முகம் ஒரு நாளும் கல்லாகத் தெரியாது. கையால் முறித்து, முறிந்த பக்கத்தை வெளியே வைக்க வேண்டும். பசை தண்ணீரில் கரைவதாக இருக்க வேண்டும். சொல்வன்ட் கலந்தது ரெஜிபோமையே தின்றுவிடும். மகனுக்கு ஹீட் கன்னால் மேற்பரப்பை இளக்கிப் பார்க்க ஆசை. அந்தப் புகை வீட்டுக்குள் வேண்டாம், கராஜுக்குப் போ என்றேன். வெளியே மைனஸ் 11. ஆசை போய்விட்டது.

பெப்ரவரி 6
செவ்வாய். வரவில்லை.

பெப்ரவரி 7
முதல் சீமெந்துப் பூச்சு. கஞ்சி போலக் கரைத்தால்தான் வெடிப்புகளுக்குள் இறங்கும். அடுத்தடுத்த பூச்சுகள் தடிப்பாக. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நாள். சீமெந்து காய்வதால் இறுகுவதில்லை, தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகுகிறது. இந்த வீட்டு ஹீட்டரோ எல்லா ஈரத்தையும் உறிஞ்சிவிடும். அதனால் தண்ணீர் தெளித்து, பொலித்தீனால் மூடினேன். இரவு இரண்டு மணிக்கு எழும்பிப் போய்ப் பார்த்தேன். பார்க்க ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்தில் அப்போது பகல் பன்னிரண்டரை. அம்மா சாப்பிட்டாவா என்று அண்ணாவுக்கு எழுதினேன். கொஞ்சம், என்று பதில்.

பெப்ரவரி 9
சூரனும் சாப்பிடவில்லை. வைத்தியர் கவலைப்படவில்லை: 430 கிராம், எடை குறையவில்லை, குளிர்காலத்தில் தாடி ஓணான்கள் இப்படி ஒடுங்குவது வழமை. இரண்டு பேரும் ஒரே மாதத்தில் சாப்பாட்டை நிறுத்த வேண்டுமா?

பெப்ரவரி 10
கடைசிப் பூச்சில் இரும்பு ஒக்சைட்டு, சிவப்பும் மஞ்சளும். நான் வளர்ந்த பக்கமெல்லாம் வெளிறிய சுண்ணக்கல். ஆஸ்திரேலியப் பாலைச் சிவப்பு என் கைக்கு வரவில்லை. மகன் படம் காட்டிக் காட்டித் திருத்தினான்.

பெப்ரவரி 13
மறுபடியும் எடுக்க வேண்டுமாம். மாதிரி போதவில்லையாம். போதாமல் எடுத்தது யார்? அதைச் சொல்ல ஒருவரும் இல்லை.

கல்லைக் கழுவினேன். புதுச் சீமெந்தில் காரம் கூட, சூரன் எதைக் கண்டாலும் நாக்கால் தொட்டுப் பார்ப்பவன். வினாகிரி பூசி, கழுவி, ஊறவைத்து, திரும்பவும். ஊறிய தண்ணீரில் சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாகிறது, காரம் இன்னும் போகவில்லை.

பெப்ரவரி 14
நீலம்.

பெப்ரவரி 16
தாள் சிவப்பாகவே நின்றது! தண்ணீரில் கரைகிற வார்னிஷ் அடித்து, ஈரத்திலேயே மணல் தூவினேன், நகம் பிடிக்க. இவ்வளவு பெரிய கல், ஒரு கையால் தூக்கலாம். அண்ணாவை இன்று அழைக்கவில்லை.

பெப்ரவரி 19
மணம் போய்விட்டது என்கிறான் மகன். எனக்கு இன்னும் மணக்கிறது. கல் இப்போதைக்குப் பெட்டிக்கு வெளியேதான் இருக்கும்.

அம்மாவோடு கதைத்தேன். "அந்த ஓணானுக்கு என்ன பெயர் வச்சனீ?" என்று திரும்பவும் கேட்டா. சொன்னதும் சிரிச்சா. அப்புறம் இருமல்.

பெப்ரவரி 21
டிக்கெட் எடுத்தாயிற்று. வெள்ளி இரவு.

மகனுக்கு எழுதி ஒட்டியது: விளக்குக்கு நேர் கீழே கல்லின் மேற்பரப்பு 40 பாகை இருக்க வேண்டும், 43ஐத் தாண்டினால் விளக்கை உயர்த்து. உள்ளே இருப்பது ரெஜிபோம், விளக்கு அதில் முட்டக் கூடாது. பூச்சு எங்காவது பெயர்ந்தால் கல்லை உடனே வெளியே எடு. பூச்சிகள் ரெஜிபோமைக் கொறிக்கும், இவனும் தின்பான். சாப்பிடாவிட்டால் பயப்படாதே, எடையைப் பார். 400க்குக் கீழே இறங்கினால் வைத்தியரைக் கூப்பிடு, எனக்கும் சொல்லு, அங்கே என்ன நேரமென்று பார்க்காதே.