விழித்திருந்த இரவுகள்

பல்கலைக்கழகத்தில் படித்த நாட்களில், தேர்வுக்கு முந்தைய இரவு நேரத்தோடு தூங்கப் போகிறவனை நாங்கள் சற்று இளக்காரமாகவே பார்த்தோம். இரண்டாம் ஆண்டுத் தேர்வு ஒன்றுக்காக மூன்று டப்பா எனர்ஜி டிரிங்க்கைக் காலி செய்துவிட்டு விடியும்வரை படித்த எனக்கு, வினாத்தாளை வாங்கியபோது விரல்கள் நடுங்கியதும், இரவில் நான்கு முறை எழுதிப் பார்த்த சூத்திரத்தின் முதல் பாதி மட்டுமே நினைவுக்கு வந்ததும் இன்றும் மறக்கவில்லை.

அந்தப் பானத்தில் இருக்கும் காஃபின் களைப்பைப் போக்குவதில்லை. மூளையில் களைப்பை உணர்த்தும் அடினோசின் என்ற வேதிப்பொருள், தனக்குரிய ஏற்பிகளில் (அதன் செய்தியை வாங்கிக்கொள்ளும் இடங்களில்) அமர முடியாதபடி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். குடித்த காஃபினில் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆவதால், மாலை 6 மணிக்குக் குடித்ததன் பாதி இரவு 11 மணிக்கும் உள்ளே இருக்கும். படித்தவை நினைவில் நிலைபெறத் தூக்கம் தேவை என்பதால், படிப்பதற்காக விழித்திருந்து படித்ததையே பறிகொடுத்திருக்கிறோம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவருடையதைப் போலக் குறையக்கூடும். அப்படி இரவெல்லாம் விழித்த நண்பன் பைக் ஓட்ட, பின்னால் அமர்ந்து தேர்வுக்குப் போனவன் நான்.

இதைவிட எனக்கு ஆபத்தாகத் தோன்றுவது, தேர்வு முடிந்த கொண்டாட்டத்தில் அதே பானத்தை மதுவுடன் கலப்பது. காஃபின் போதையைக் குறைக்காமல், போதை ஏறிய உணர்வை மட்டும் மறைப்பதால், "நான் தெளிவாகத்தான் இருக்கிறேன்" என்பவனிடம் வாதாடிப் பயனில்லை என்று கண்டு, வண்டிச் சாவிகளை முன்கூட்டியே ஒளித்துவைக்கப் பழகினோம்.